விறகு பொறுக்கப் போகாத ஆறுமுகத்தாய்

போன கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறுமுகத்தாய்க்கு இடது கால் ஒடிந்தது. கோவில்பட்டியில் நாங்கள் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸின் வேன், எங்களைப் பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறக்கிவிட்டுப் போன பிறகு நடந்தது அது.

மழை பெய்தால் கரிசல் மண் டயரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மழைக்காலம் முழுக்க வேன் ஊருக்குள் வராது. எட்டுப் பெண்களும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடப்போம். ஏழு பேர் பாதை வழியே போவோம். ஆறுமுகத்தாய் மட்டும் பின்தங்கி நின்று, நாங்கள் கொஞ்சம் போனதும் கண்மாய்க்கரைப் பக்கம் திரும்பிவிடுவாள். அது சுற்று வழி. முள்ளும் வழுக்கலுமாக இருக்கும்.

பாதையில்தான் சிவனாண்டி வீடு. அவளோடு பதினொரு வருடம் வாழ்ந்துவிட்டு வேறொருத்தியோடு போனவன். இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். வெயில் காலத்தில் வேன் அந்த வீட்டைத் தாண்டும்போது ஆறுமுகத்தாய் குனிந்து தூக்குவாளியைத் திறந்து பார்ப்பாள். உள்ளே ஒன்றும் இருக்காது.

அன்று மடைக் கல்லில் வழுக்கி விழுந்தவள் ஒரு மணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறாள். தேடுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. ஆடு மேய்த்துத் திரும்பியவர் பார்த்துச் சொன்னார். ஆஸ்பத்திரியில், "அங்க எதுக்கும்மா போன?" என்று கேட்டதற்கு, "விறகு பொறுக்கப் போனேன்" என்றாள். அப்படியே எழுதிக்கொண்டார்கள். அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன்.

காலில் கம்பி வைத்தார்கள். இனி நின்று வேலை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி காசிராஜன் அண்ணாச்சி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார். "விலக்குல இறங்கியாச்சுன்னா என் பொறுப்பு முடிஞ்சுபோச்சுல்லா தாயி" என்றார். அவள் தலையாட்டினாள்.

பிறகு தொழிலாளர் சங்கத்துச் சுடலைக்குமார் வந்தார். "புதுச் சட்டம் வந்திருக்கு. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில அடிபட்டாலும் நஷ்டஈடு உண்டு. ஆனா விறகு பொறுக்கப் போனதுன்னா அது சொந்த வேலை. கிடைக்காது. உண்மையிலேயே விறகுக்குத்தான் போனீயளா?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மனு எழுதிக் கைநாட்டு வாங்கிப் போனார்.

பங்குனியில் தூத்துக்குடி தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. வேனில் கூட வந்ததற்குச் சாட்சியாக நானும் போயிருந்தேன். காசிராஜன் அண்ணாச்சி ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார்.

"மேடம், நான் எட்டே பேரை வச்சு ஓட்டுதவன். இன்சூரன்சும் கெடையாது. வேன் விடுததே என்னால முடிஞ்ச உதவி. விறகு பொறுக்குனதுக்கெல்லாம் நான் பொறுப்புன்னா, நாளைக்கு வேனையே நிறுத்திருவேன்."

அதிகாரி அம்மா ஆறுமுகத்தாயைப் பார்த்தார். "விறகு பொறுக்கவாம்மா போனீங்க?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க? ரோடு இருக்கும்போது கண்மாய்க்கரைக்கு ஏன் போகணும்?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். விரல் வெளுத்துப்போனது.

"ரோட்டுல அவிய வீடு இருக்கு."

"யாரு வீடு?"

"எங்க வீட்டுக்காரவிய. இப்ப வேற ஆளுகூட இருக்காவ. வாசல்ல புள்ளைய விளையாடும். எட்டு வருசமா நான் அந்தப் பக்கம் நடக்கதில்ல. எனக்கு வீட்டுக்கு வழி கண்மாய்க்கரைதான்."

அறையில் எட்டுப் பத்து ஆண்கள் இருந்தார்கள்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாதும்மா."

நான் எழுந்துவிட்டேன். "எனக்குத் தெரியும் மேடம். மழைக்காலம் பூரா அப்படித்தான் போவா. நாங்க ஏழு பேருமே பாப்போம்."

ஆறுமுகத்தாய் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா தாயி" என்றார் காசிராஜன் அண்ணாச்சி.

"எப்படி அண்ணாச்சி சொல்ல?" என்றாள் ஆறுமுகத்தாய்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. அதுதான் அவள் வழக்கமாக வீடு திரும்பும் வழி, முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அண்ணாச்சி வேனை நிறுத்தவில்லை. மீதி ஏழு பேருக்கும் இன்சூரன்ஸ் போட்டார். யார் யார் எந்த வழியாக வீட்டுக்குப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

உத்தரவைச் சொல்ல நான்தான் அவள் வீட்டுக்குப் போனேன். காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"எத்தனை வருசமாட்டி பாத்துக்கிட்டிருந்தீய?"

"மொதல்ல இருந்தேதான்."

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"ஒரு நாளாவது ஒருத்தி எங்கூட நடந்து வந்திருக்கலாம்லா."

அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.