வேண்டா வீட்டு ரோஸ் பெயின்ட்

கண்ணகிக்குப் படூரில் வாடகைக்கு விட நான்கு போர்ஷன் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மூத்த ஓரகத்தி வேண்டாவுக்கும் நான்குதான். மாமனார் மனையை இரண்டு மகன்களுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். தண்ணீரை அவரால் பிரிக்க முடியவில்லை. வேண்டா போர்வெல்லில் நல்ல தண்ணீர், கண்ணகி போர்வெல்லில் உப்பு. கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் அந்தப் பக்கம் இடமில்லை என்றால்தான் இந்தப் பக்கம் வந்தார்கள். வேண்டா மாடியில் எத்தனை சட்டை காய்கிறது என்று பார்க்காமல் கண்ணகிக்குக் காபி இறங்காது.

2008 ஆனியில் தரகர் ராஜேந்திரன் அடையாறிலிருந்து ஒரு பார்ட்டியைக் கூட்டிவந்தார். நல்ல விலை. அமெரிக்காவில் ஏதோ ஆட்டம் கண்டிருக்கிறது, கம்பெனிகள் ஆள் குறைக்கப்போகின்றன, விற்பதானால் இப்போதே விற்றுவிடுங்கள் என்றார். புருஷன் நரசிம்மன் உடனே சரி என்றான். ஆனால் கண்ணகி சொல்லாமல் கையெழுத்துப் போடமாட்டான்.

"அக்கா இன்னா பண்றாங்களாம்?" என்றாள் கண்ணகி.

"அவுங்க எதுனா பண்ணட்டும். நம்ம வூட்டப் பத்திப் பேசு."

மறுநாள் காலை வேண்டா வீட்டில் சாரம் கட்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ரோஸ் கலர். வாடகையை ஏற்றப்போகிறாள் என்று கண்ணகி முடிவுகட்டினாள். தான் விற்றுவிட்டால் தெருவில் வீட்டுக்காரம்மா என்று அவள் ஒருத்திதான் இருப்பாள். விற்பதற்கில்லை என்று ராஜேந்திரனுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, கம்மலை அடகுவைத்து, அதே ரோஸைக் கொஞ்சம் தூக்கலாகத் தன் வீட்டுக்கும் அடித்தாள். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாவை மதித்ததாக ஆகிவிடும்.

ஆவணியில் வேண்டா அதே அடையாறு பார்ட்டிக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்தாள். பெயின்ட், வாங்க வந்தவர் கண்ணுக்காக அடித்தது.

தை பிறப்பதற்குள் பையன்களுக்கு வேலை போயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். கண்ணகிக்கு மூன்று போர்ஷன் காலி. ராஜேந்திரன் போனை எடுப்பதில்லை.

அப்போதுதான் வேண்டா வந்தாள். சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். முடியும்வரை இருக்க ஒரு போர்ஷன் வேண்டுமாம்.

"வாடகை சொல்லு கண்ணகி. இன்னா இருந்தாலும் நீ வூட்டுக்காரம்மா."

அதில் குத்தல் இருக்கிறதா என்று கண்ணகி அவள் முகத்தைப் பார்த்தாள். தெரியவில்லை. வாடகையைக் கூட்டியே சொன்னாள். வேண்டா பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து வேண்டா குடத்தோடு வாசலில் நின்றாள்.

"வாயில வைக்க முடியல. எப்பிடித்தான் இத்தினி வருசமா குடிச்சிகினு கீறியோ."

சாயங்காலம் நரசிம்மன் சாப்பிட உட்கார்ந்ததும் கண்ணகி கேட்டாள்.

"அக்கா வூடு கட்றாங்களே, அதுக்குப் பக்கத்து மனை இன்னா விலை சொல்றாங்களாம்?"