மூடினால் உறங்கும் என்று நம்பினோம்

எங்கள் வீட்டில் எதுவும் திறந்து கிடக்கக் கூடாது. மீன்கறிச் சட்டி, தண்ணீர்க் குடம், உப்பு ஜாடி எல்லாவற்றுக்கும் மூடி உண்டு. மூடி உடைந்துபோனால் ஒரு தட்டாவது உண்டு. ஓட்டு வீடு. உத்தரத்தில் பல்லிகள் குடியிருக்கின்றன, அவற்றுக்குக் கால் வழுக்குவது சகஜம். ஆகவே நான் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு குழித்துறைக்கு வந்து சேர்ந்தபோது, அதையும் அம்மா மூடியுள்ள இன்னொரு பாத்திரமாகவே சேர்த்துக்கொண்டாள்.

என் வேலைக்குப் பெரிய திரை வேண்டும். சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் மானிட்டரை நிறுத்தி, அதன் தலையில் கேமராவை மாட்டி, பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருப்பேன். அம்மா பார்த்தவரை நான் பெரியதில்தான் வேலை செய்கிறேன்; சின்னது சும்மா வாய் பிளந்து கிடக்கிறது. கடந்து போகும்போது அதைச் சாத்திவிட்டுப் போவாள். உடனே லேப்டாப் உறங்கும், மானிட்டர் கறுக்கும், மீட்டிங்கிலிருந்து நான் காணாமல் போவேன்.

முதல் தடவை கரண்ட் போய்விட்டது என்று மேனேஜரிடம் சொன்னேன். அடுத்த தடவையும் அதையே சொன்னேன். லேப்டாப்பில் பேட்டரி கிடையாதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். என் புளுகு இரண்டு மீட்டிங்கைத் தாண்டவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்ய எனக்குக் கிடைத்திருந்தது சோதனை அனுமதி. ஒழுங்காக நடந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் பெங்களூருக்கு மூட்டை கட்ட வேண்டும். அப்பா போனபின் அம்மா ஒற்றைக்குக் கிடந்த வீடு இது. எனக்குப் பயமாகவே இருந்தது.

"அம்மா, இத மூடாத. என் வேலை போவும்."

"தொறந்து வச்சா பல்லி விழும் மக்கா. பெறவு வேலையும் போவும், சாமானும் போவும்."

லேப்டாப்பின் செட்டிங்ஸைத் தோண்டினேன். மூடியைச் சாத்தினால் உறங்கவா, அணையவா, ஒன்றும் செய்யாமலிருக்கவா என்று அதுவே ஒரு மூலையில் கேட்டுக்கொண்டிருந்தது. சார்ஜரில் இருக்கும்போது ஒன்றும் செய்யாதே என்று கொடுத்தேன். எங்கள் குடும்பத்து ஆண்கள் தலைமுறைகளாகப் பின்பற்றும் கொள்கைதான், அதற்கும் பொருந்தியது. அம்மா வந்து சாத்தினாள். மானிட்டர் எரிந்துகொண்டே இருந்தது. இருவருக்கும் நிம்மதி.

மறுநாள் மதியம் மீட்டிங் முடிந்தது. பை சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் மூடியைச் சாத்தி, மானிட்டரின் பொத்தானை அமுக்கினேன். முந்தின நாள்வரை மூடியைச் சாத்தினால் மீட்டிங்கும் அறுந்துவிடும். இப்போது அறுக்கும்படி அதற்கு யாரும் சொல்லவில்லை. கேமராவில் பச்சை விளக்கு எரிந்ததையும் நான் கவனிக்கவில்லை. இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்கறியும்.

லேப்டாப் திறந்திருந்தால் அது காது கொடுக்கும் என்பது அம்மாவின் எண்ணம். அப்போதெல்லாம், "ஆபீஸ்ல விளிச்சா போ மக்கா, எனக்கென்ன" என்று அதற்குக் கேட்கும்படிச் சொல்வாள். இன்று மூடி சாத்தியிருப்பதைப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த மொட்டத்தலையன் மேனேசர் உன்னைய விளிச்சா, அம்மைக்கு சுகமில்லன்னு சொல்லிரு."

"உனக்கென்ன சுகக்கேடு?"

"நீ போனா வரும்."

கொஞ்ச நேரம் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். "ஒத்தைக்கு இருந்தா கறி வைக்கத் தோணாது மக்கா. பழஞ்சியக் குடிச்சிட்டுக் கெடப்பேன்."

போகமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தபோது, மூடிய லேப்டாப்புக்குள்ளிருந்து, சட்டிக்குள் யாரோ உட்கார்ந்து பேசுவதுபோல் ஒரு குரல் வந்தது.

"அம்மா."

மேனேஜர். எல்லோரும் போனபின்னும் அவர் போகாமல் இருந்திருக்கிறார். அவர் பாறசாலைக்காரர் என்று தெரியும்; குழித்துறையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அவர் ஊர். ஆனால் அதுவரை அவர் வாயிலிருந்து ஆங்கிலம் தவிர எதுவும் வந்ததில்லை.

"எனக்கு மொட்டை இல்ல அம்மா. நெத்தி கொஞ்சம் ஏறிப்போச்சு, அவ்வளவுதான். அவனை விளிக்க மாட்டேன். நிங்க கறி வையுங்க."

நான் எழுந்து சாரத்தை இறக்கிவிட்டேன். காலம் கடந்த மரியாதை. அம்மா இடது கையால் கண்ணைத் துடைத்தாள். அதே கையால் லேப்டாப்பின் மூடியை அமுக்கிப் பார்த்தாள். நன்றாகத்தான் மூடியிருந்தது.

"பின்ன இதுக்கு எதுக்கு மக்கா மூடி?" என்றாள்.