எந்தத் துரைத்தனம்?

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஞாயிறு ஆராதனைக்கு வேதபாடம் வாசிப்பவன் நான். ஒருநாள் பாடத்தில் துரைத்தனம் என்ற சொல் வந்தது. அரசாங்கத்தைப் பழைய தமிழில் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் ஆட்களுக்கோ துரை என்றால் பங்களாவில் இருந்து தோட்டத்தை நிர்வகிக்கும் தோட்டத்துரைதான். அப்பாகூட அப்படி நம்பி, துரையின் ஜீப்பைக் கண்டாலே தலைத்துண்டை அவிழ்த்துவிடுவார். நான் படித்தவனாயிற்றே! "இது தோட்டத்துரை இல்ல, அரசாங்கம். அதுக்குத்தான் நாம கீழ்ப்படியணும்" என்று சபைக்குப் பெரிதாக விளக்கினேன்.

அந்த வாரமே அடைமழை. அக்கா குடியிருக்கும் லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசைவீடுகளுக்கு, மேலே மலையில் வெடிப்பு விழுந்தது. அரசாங்கத்தின் கிராம சேவகர் சிங்களத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா அதை டவுனில் இருக்கும் என்னிடம் கொண்டுவந்தாள். மண்சரிவு அபாயம், உடனே வெளியேறவும் என்று இருந்தது.

"என்னா தம்பி செய்ய?"

"அரசாங்கம் சொன்னா கேக்கணும்க்கா."

கேட்டாள். சட்டி பானையோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினாள். என் பேச்சுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பத்து நாளானதும், பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று அவளை வெளியேறச் சொன்னார்கள். வேறு இடம் கேட்டுக் கிராம சேவகரிடம் போனேன். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், துரையிடம் கேளுங்கள் என்றார். துரையிடம் போனேன். வெளியேற்றியது அரசாங்கம், அங்கே கேளுங்கள் என்றார். இரண்டு பேரும் என்னை உட்காரச் சொல்லித்தான் பேசினார்கள். எனக்குக் கிடைத்தது அந்த நாற்காலி மட்டும்தான்.

அக்கா லயத்துக்கே திரும்பிவிட்டாள். வெடிப்பில் இப்போது கை நுழைகிறது. மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துக் கல் வைத்திருந்தாள்.

"எங்கூட வந்துருங்கக்கா."

"இந்த லயத்துக் காம்பராவ விட்டா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அப்பறம் நா எந்தத் தோட்டத்து ஆளுன்னு சொல்றது?"

டவுனில் எனக்கு இருப்பது ஒரே வாடகை அறை, அதில் நாங்கள் ஐந்து பேர். அவள் வரமாட்டேன் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

போன ஞாயிறு, அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக ஜெபிக்க எழுந்தேன். அக்கா முன்வரிசையில் இருந்தாள்.

"இன்னைக்கு எந்தத் துரைத்தனத்துக்கு தம்பி?" என்று மெல்லக் கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ரெண்டுக்கும்க்கா."

தலையாட்டிவிட்டு முழங்காலிட்டாள். பாதி ஜெபத்தில் தகரக்கூரையில் மழை விழுந்தது. நான் குரலை உயர்த்தினேன். அக்கா ஆமெனுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து ஜன்னலண்டை போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அதிகாரிகளுக்கு நல்ல சுகம் கேட்டு ஜெபித்துக்கொண்டே இருந்தேன்.