கென்னா ஆற்றில் போகவில்லை

எங்கள் தெருவில் இபூயி என்றொருவன் இருந்தான். சிலையேற்றிய சறுக்குவண்டிக்கு முன்னால் நடந்து மண்ணை நனைப்பது அவன் வேலை. ஈரம் காய்ந்தால் வண்டி நகராது. அவன் அண்ணன் கென்னா என்னோடு வடம் இழுத்தவன்.

அந்த வருஷம் மன்னரின் சிலை கோவிலுக்குப் போனது. உட்கார்ந்த நிலையிலேயே பத்து ஆள் உயரம். வண்டியை ஏற்ற அடித்திருந்த மண்மேட்டில் ஏறும்போது கென்னா தம்பியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"டேய், ராஜாவுக்கு மட்டுந்தான் தாகமா? அண்ணன் தலையிலயும் கொஞ்சம் ஊத்துடா!"

அடுத்த அடியில் அந்த ஈரத்திலேயே வழுக்கி விழுந்தான். வண்டியின் அடிக்கட்டை அவன் கால்மேல் ஏறி நின்றது.

"நிறுத்தாதீங்கடா! வண்டி மண்ணுல பதிஞ்சா அப்புறம் எவனாலயும் அசைக்க முடியாது" என்று கத்தினான் மேஸ்திரி. "இபூயி, ஊத்து!"

கென்னா தம்பியின் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டிருந்தான். இபூயி ஊற்றினான். நாங்கள் இழுத்தோம்.

வண்டி ஏறிப் போனபின் அவனில் மிச்சமிருந்ததை அந்த மண்மேட்டுக்குள்ளேயே புதைத்தோம். "ஆத்துல முழுகிப் போயிட்டான்னு சொல்லுங்க. ஆத்துல போனவன் சாமிக்குச் சமம், பொண்டாட்டி மனசு ஆறிடும். ராஜா வந்த வழியில ரத்தம்னு வெளிய தெரிஞ்சா, நம்ம எல்லார் தோலையும் உரிச்சிடுவாங்க" என்றான் மேஸ்திரி. எல்லோரும் அப்படியே போய்ச் சொன்னோம். நானும்தான்.

சிலையைக் கோவில் வாசலில் நிறுத்தினார்கள். ஊர் ஜனம் அதன் காலடியில் வந்து குறை சொல்லி அழுதது. கென்னாவின் மனைவி வாபெத்தும் தினமும் ரொட்டியும் வெங்காயமும் வைத்து, "அடக்கம் பண்ண அவரு உடம்பையாவது ஆத்துக்கிட்ட வாங்கிக் குடு சாமி" என்று வேண்டினாள். நான்கு வருஷம் வேண்டினாள்.

ஒருநாள் இபூயி அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"அண்ணி, அண்ணன் ஆத்துல போகல. இந்தச் சிலைக்கு அடியில மாட்டிக்கிச்சு."

நடந்ததை முழுக்கச் சொன்னான்.

"நீ தண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேன்."

வாபெத் வைத்த ரொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

மண்மேட்டை எப்போதோ இடித்து ஆற்றோரம் கொட்டிவிட்டிருந்தார்கள். பதினொரு நாள் அங்கே கையால் தோண்டினாள். மூன்றாம் நாள் நானும் சேர்ந்துகொண்டேன். இபூயி கிட்டே வந்தபோது மண்ணை வாரி அவன்மேல் எறிந்தாள். கடைசியில் கோரைச் செருப்பின் ஒரு துண்டு கிடைத்தது. அது யாருடையதாகவும் இருக்கலாம். அவள் அதைத் துணியில் சுற்றி, கணவன் பெயரைச் சொல்லி அடக்கம் செய்தாள்.

அந்த வருஷ வெள்ளத்துக்கு முன்பே இபூயி சோறு தண்ணீர் இறங்காமல் செத்துப்போனான். தூக்குவதற்கு நான்கு பேர் போனோம். அவனைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலைக் கடந்தபோதும் வாபெத் கதவைத் திறக்கவில்லை.