மூணாம் நம்பரின் முதல் பாதி

ஊரில் பாதிப் பேர் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி தம்பி தேய்த்துக் கொடுத்ததுதான். பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருக்கிற கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக அவன் லென்ஸ் தேய்க்கிறான். கால் பவர் பிசகினாலும் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. "பரவால்லப்பா, குடுத்துடு" என்று முதலாளியே சொன்ன லென்ஸைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தேய்த்த ஆள். அதனால் அவனுக்கு 'லென்ஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதில் அவனுடைய அக்காவுக்கு இருந்த பெருமையை அளக்க அந்தக் கடையில் கருவி கிடையாது.

இப்படிப்பட்ட ஆளைப் பற்றி ஊரில் ஒரே ஒரு புகார். கால்பந்து விஷயத்தில் மட்டும் இவனுக்குக் கண் தெரியாதாம்.

காரணம், மூணாம் நம்பர். ஊர் கிளப்புக்காக ஒன்பது வருடம் இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரராக ஆடி, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். சட்டையில் இருந்த நம்பர்தான் பெயர். சொந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு யாரும் அவர் மேல் அக்கறைப்படவில்லை. நினைவில் வைத்திருந்தது வேறு சங்கதிகளை. தன் அணியின் வலைக்குள்ளேயே இரண்டு முறை பந்தை அடித்தவர். ஒரு முறை எதிராளி பந்தோடு ஓடி வர, வழுக்கி உட்கார்ந்து, விருந்தாளிக்கு வழிவிடுவது போலக் கையையும் நீட்டியவர். அந்தப் படம் மறுநாள் பேப்பரில் வந்தது. ஊரில் யாராவது ஒரு காரியத்தைக் கெடுத்தால் "மூணாம் நம்பர் வேலை" என்பார்கள்.

தம்பி இதில் ஒன்றைக்கூட நம்பவில்லை. "பேப்பர்காரன் ஆயிரம் போடுவான். நான் ஒன்பது வருஷம் நேர்ல பாத்தவன்" என்பான். கண்ணாடிக் கம்பியைக் காதுக்குப் பின்னால் வளைத்துப் பொருத்தும்போது வாடிக்கையாளர் தலையை அசைக்க முடியாது. அந்த மூன்று நிமிடத்தை அவன் வீணாக்கியதே இல்லை.

"மேடம், நீங்க ஃபுட்பால் பாப்பீங்களா?"

"இல்லப்பா."

"நல்லது. அப்ப உங்களுக்குத் தப்பான அபிப்பிராயம் எதுவும் இருக்காது."

அந்த அம்மா கடையை விட்டு இறங்கும்போது உலகமும் தெளிவாகத் தெரியும், மூணாம் நம்பர் எதிராளியை ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டு போகும் விதமும் தெளிவாகத் தெரியும். இரண்டாவதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இப்படியே போயிருக்கும். கிளப் நிர்வாகம் மைதானத்தின் வெளிச்சுவரில் படம் வரையக் கிளம்பியதுதான் வினை. கிளப்பின் பதினொரு மாமணிகளின் முகங்கள், ஆள் உயரத்தில், வாசலிலிருந்து வரிசையாக. பத்துப் பேரை நிர்வாகமே முடிவு செய்துவிட்டது. ரசிகர்களையும் மதிக்கிறோம் என்று காட்டவேண்டுமே, அதற்காக வரிசையின் கடைசி இடத்தை மட்டும் ரசிகர் சங்கத்துக்குத் தாராளமாக விட்டுக்கொடுத்தது. சுவர் விழும்வரை படம் நிற்கும் என்றார்கள்.

தம்பி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம் சொன்னான். "இந்தச் சுவத்துல அவர் மூஞ்சி வரலேன்னா, இப்படி ஒரு ஆளு ஆடினதுக்கு ஊர்ல அந்தச் சிரிப்பு மட்டும்தான்கா மிஞ்சும்."

அக்கா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிப்பவள். நாலு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பாள். கால்பந்து என்றால் உருண்டையாக இருக்கும் என்பது வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். ஆனால் தம்பி வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவனுடைய ஆசைக்காக, கூடுதல் ஷிப்ட் பார்த்து மைதானத்தில் வருடச் சந்தா சீட்டு வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். ஒன்பது வருடமும் அதே சீட்டு. ஒவ்வொரு முறையும் "நல்லாத் தெரிஞ்சுதாடா?" என்று கேட்பாள். "அருமையாத் தெரிஞ்சுதுக்கா" என்பான். ஒவ்வொரு ஆட்டத்தையும் நிமிட வாரியாக நோட்டில் எழுதி வைத்தான். ஒன்பது நோட்டுக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டது அக்கா. உள்ளே பிரித்துப் பார்த்ததில்லை.

"நோட்டெல்லாம் எடு. கூட்டத்துக்கு நானும் வரேன்" என்றாள்.

சங்கத்தின் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓர் அச்சகத்தின் மாடியில் நடந்தது. அச்சக முதலாளிதான் செயலாளர். இருபத்தெட்டுப் பேர், பதினாறு நாற்காலி, ஒரு மின்விசிறி. தாள் கட்டுகளின் மேல் உட்கார்ந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள், அவை ஆடவில்லை.

எதிர்த் தரப்பில் சலூன்காரர். அவருடைய ஆள் ஒன்பதாம் நம்பர், அறுபத்தோரு கோல் அடித்தவர். ஆனால் சலூன்காரர் கோலைப் பற்றி அரை நிமிடமும் தலைமுடியைப் பற்றிக் கால் மணி நேரமும் பேசினார். ஒன்பதாம் நம்பர் பந்தைத் தலையால் முட்டும்போது அலைபோல எழும்பி அடங்கும் அந்த முடியை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தைய நாள் வெட்டிச் சீர்செய்தவர் அவரே. "அந்த அறுபத்தொண்ணுல முப்பது தலையால அடிச்சது. அதுல என் பங்கு இல்லேன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்." யாரும் சொல்லவில்லை. பாதிப் பேர் அவரிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறார்கள்.

பிறகு தம்பி எழுந்தான். ஒரு நோட்டைப் பிரித்து வாசித்தான். "பன்னிரண்டாம் நிமிடம், எதிரணி ஏழாம் நம்பரை ஓரக்கோடு வரை தள்ளிக்கொண்டு போய்ப் பந்தை வெளியே விட்டார். பத்தொன்பது, அதேபோல. இருபத்தாறு, ஏழாம் நம்பர் வெறுத்துப்போய் மறுபக்கத்துக்கு மாறிவிட்டார்." அடுத்த நோட்டு, அடுத்த ஆட்டம். கேட்கக் கேட்கக் கூட்டம் கொஞ்சம் அமைதியானது. இப்படி ஒருவர் ஆடினார் என்று அவர்கள் அப்போதுதான் கேள்விப்பட்டார்கள்.

செயலாளர் கிளப்பின் எல்லா வருட ஆட்டக் கணக்கும் உள்ள பழைய மலரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அச்சடித்ததே அவர்தான். "தம்பி, நீ இப்ப படிச்ச இதே ஆட்டத்துலதான் அவரு நம்ம வலையிலயே அடிச்சாரு. எழுபத்திநாலாம் நிமிஷம். உன் நோட்டுல என்ன போட்டிருக்கு?"

தம்பி நோட்டை மூடினான்.

"சொல்லுப்பா."

"அது… வேண்டாம் சார்."

"வேண்டாமா?" சலூன்காரர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "பிடிச்சத எழுதிட்டு, பிடிக்காத பக்கத்தக் கிழிச்சுட்டியா லென்ஸு? ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுறவன் எங்க கண்ணுல மண்ணப் போடுறியே!"

மாடி முழுக்கச் சிரித்தது. தம்பி அக்காவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

அக்கா எழுந்தாள். தம்பி கையிலிருந்த நோட்டை வாங்கி, நடுப்பக்கத்தைப் பிரித்து, தைத்த நூலை விரலால் தடவினாள். தாள்களை எண்ணினாள். "அண்ணே, இது தொண்ணூத்தாறு பக்க நோட்டு. தொண்ணூத்தாறும் இருக்கு. கிழிச்சாங்க கிழிக்கலன்னு பேசறதுக்கு முன்னாடி எண்ணிப் பாக்கணும்" என்றாள். சலூன்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"எழுபத்திநாலாம் நிமிஷம்தானே? நானே படிக்கிறேன்."

"அக்கா, வேணாம்கா. குடு."

அவள் கொடுக்கவில்லை. சத்தமாக வாசித்தாள். "'இரண்டாம் பாதி. ஐம்பத்தெட்டு, கூட்டம் முனகியது. காரணம் தெரியவில்லை. எழுபத்திநாலு, எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். தூணுக்குப் பின்னால் என்னவோ நடந்திருக்கிறது.'"

அடுத்த ஆட்டத்தைப் புரட்டினாள். "'இரண்டாம் பாதி, தூண்.'" அதற்கடுத்தது. "'தூண்.'"

"எந்தத் தூணுப்பா?" என்றார் செயலாளர்.

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "எந்தத் தூண்டா?"

"பழைய ஸ்டாண்டுல, நம்ம சீட்டுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சுக்கா. இடிச்சுட்டாங்க இப்ப. சின்னதுதான்."

"சின்னதா?" என்றார் சலூன்காரர். "ரெண்டு ஆளு சேர்ந்து கட்டிப் புடிச்சாலும் கை எட்டாதேய்யா அது!"

விஷயம் வெளியே வந்தது. அந்தத் தூண் மைதானத்தின் இடது பாதியை அப்படியே மறைத்தது. மிச்சம் தெரிந்தது வலது பாதி மட்டும். சொந்த மைதானத்தில் ஆட்டத்தை எப்போதும் வலது பக்கக் கோலைக் காத்துத் தொடங்குவது கிளப்பின் பழக்கம், மாற்றினால் தோற்றுவிடுவோம் என்று ஒரு பயம். ஆக, முதல் பாதி முழுவதும் தம்பியின் கண்ணெதிரே, கைக்கு எட்டும் தூரத்தில், மூணாம் நம்பர். இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறியதும் மூணாம் நம்பர் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். செயலாளர் மலரைப் பார்த்துச் சரிபார்த்தார். வலைக்குள் அடித்தது இரண்டும், வழுக்கி உட்கார்ந்ததும், எல்லாமே இடைவேளைக்குப் பிறகுதான். அந்த மனிதருக்கு நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் மூச்சு இல்லை. அதை ஊரே பார்த்தது, தம்பியைத் தவிர.

எட்டிப் பார்த்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். பக்கத்து ஆள் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்றான் தம்பி. காலி சீட்டுக்கு மாறியிருக்கலாமே என்றார் இன்னொருவர். சீட்டில் நம்பர் போட்டிருக்கிறதே என்றான்.

அக்கா நோட்டைப் பிடித்தபடி நின்றாள். "அருமையாத் தெரிஞ்சுதுன்னியேடா, ஒன்பது வருஷமா."

"பாதி அருமையாத்தான் தெரிஞ்சுதுக்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேற சீட்டு வாங்கணும்னு நீ இன்னொரு ஷிப்ட் பாத்திருப்ப."

சலூன்காரருக்கு இந்த மாதிரிப் பேச்சு ஒத்துக்கொள்ளாது. "சரி, அக்கா தம்பி பாசம் இருக்கட்டும். அரை ஆட்டம் பாத்தவரு சாட்சி சொல்ல வந்துட்டாரு!"

தம்பி நிமிர்ந்தான். "ஆமாண்ணே, அரை ஆட்டம்தான். நீங்க முழுசாப் பாத்தீங்க இல்ல? முதல் பாதில அவரு என்ன பண்ணாருன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

சலூன்காரர் செயலாளர் கையிலிருந்த மலரைக் கைகாட்டினார். எல்லோரும் பந்தைப் பார்த்தவர்கள். பந்து இல்லாத பக்கம் பார்த்தவன் ஒருவன்தான், அவனுக்கும் வேறு வழி இல்லாததால். செயலாளர் மலரை மறுபடி புரட்டி, பென்சிலால் குறித்து, தொண்டையைச் செருமினார். "ஒன்பது வருஷம், நம்ம மைதானம், முதல் பாதி. அந்தப் பக்கமா வந்த கோல் மொத்தம் மூணு."

"அதுல ஒண்ணு கோல்கீப்பர் தப்பு சார்" என்றான் தம்பி.

ஓட்டு எடுத்தார்கள். அறுபத்தோரு கோலுக்கும் தலைமுடிக்கும் பதினேழு, மூணாம் நம்பருக்குப் பதினொன்று. கூட்டத்துக்குள் நுழையும்போது தம்பியிடம் இருந்தது அவன் கை மட்டும்தான். அக்கா உறுப்பினர் இல்லை, இருந்தும் கை தூக்கினாள், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. "பதினொண்ணுன்னா ஒரு முழு டீம்கா" என்று படி இறங்கும்போது தம்பி சொன்னான். சொன்ன குரலில்தான் தோற்றது தெரிந்தது.

நியாயம் செத்துப்போய் மூன்று வாரம் ஆனபிறகு ஓவியர் சுவரை அளக்க வந்தார். சலூன்காரர் சீப்பும் பழைய புகைப்படமுமாக அளவு காட்டப் போனார். வரிசையின் கடைசி இடத்துக்கு நேர் முன்னால், சுவரை ஒட்டி, ஒரு விளக்குக் கம்பம். பருத்த சிமென்ட் கம்பம். ரசிகர்களுக்கு அந்த இடத்தை நிர்வாகம் ஏன் தாராளமாக விட்டுக்கொடுத்தது என்பது அப்போது விளங்கியது. கம்பத்தை நகர்த்த மனு கொடுத்தால், சுவர் விழுவதற்குள் பதில் வரலாம்.

"என்னய்யா இது? முடி மறையுது!" சலூன்காரர் இடமும் வலமும் நடந்து பார்த்தார். எங்கே நின்றாலும் அந்த அலை பாதியில் அறுந்தது. பாதி முடியோடு தன் ஆளைச் சுவரில் நிறுத்த அவருடைய தொழில் மானம் இடம் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே செயலாளரிடம் வாபஸ் எழுதிக் கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே பெயர். பெயர்கூட இல்லை, நம்பர்.

படம் முடிந்த அன்று அக்கா சலவைப் பிரிவிலிருந்து நேராகச் சுவருக்கு வந்தாள். தம்பி முன்னமே வந்து, கம்பத்துக்கு வலப்பக்கம், நடைபாதையின் ஒரு கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தான். அந்த ஒரு கல்லிலிருந்து மூணாம் நம்பரின் பாதி முகம் பழுதில்லாமல் தெரிந்தது.

"எப்படிக்கா?"

"நல்லாருக்கு." அக்கா நாலு எட்டு வைத்துக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் போனாள். "இங்க வாடா. மீதியையும் பாரு. இதுக்கு யாரும் சீட்டு வாங்க வேண்டாம்."

தம்பி தயங்கித் தயங்கி வந்தான். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, லென்ஸைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் காது கொஞ்சம் கோணலா இருக்கேக்கா."

"அது ரெண்டாம் பாதிடா" என்றாள் அக்கா.