கிரைண்டர் இருந்த இடத்தில் கழுதை

போத்தனூரில் டேபிள் டாப் கிரைண்டர் செய்து விற்றுக்கொண்டிருந்த சாயிரா பானுவுக்கு, 1999 ஆகஸ்டில் ஒருநாள் காலை சிங்கப்பூரிலிருந்து ஈமெயில் வந்தது. கிரைண்டர் வாங்குவதாகச் சொல்லியிருந்தவர், "கழுதை என்ன விலை?" என்று கேட்டிருந்தார்.

ஒன்றும் புரியாமல் தன் கம்பெனி வெப்சைட்டைத் திறந்தார். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் இரண்டு காதுகள். அப்புறம் கூலிங் கிளாஸ். கிரைண்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கழுதை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

கோபம்தான் வந்திருக்கவேண்டும். சிரிப்பு முந்திக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, வெப்சைட் செய்துகொடுத்த பீளமேட்டு இன்ஜினியர் திருமூர்த்திக்குப் போன் போட்டார்.

"பாஸ்வேர்டு என்னங்க்கா வெச்சிருந்தீங்க?"

"கிரைண்டர்னுதானுங்க."

"கழுதையப் போட்டவன் ஒரு நிமிசத்துல உள்ள வந்திருப்பானுங்க. யாருக்கும் தோணாத மாதிரி ஒண்ணு வெய்யுங்க. எழுத்தும் நம்பரும் கலந்திருக்கோணும்."

தன் நிக்காஹ் விருந்தில் உப்பு போதவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்ன வாக்கியத்தின் முதலெழுத்துகளை எடுத்து, நடுவே நான்கு எண்களைச் செருகினார் சாயிரா. திருமூர்த்தி மத்தியானத்துக்குள் கழுதையை எடுத்துவிட்டார். சிங்கப்பூர்க்காரரும் சிரித்து, இரண்டு கிரைண்டர் கேட்டு எழுதினார்.

அதன்பிறகு சாயிராவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெப்சைட் வைத்திருக்கும் மற்ற கம்பெனிக்காரர்கள் என்ன பாஸ்வேர்டு வைத்திருப்பார்கள்? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, பம்புசெட் கம்பெனி லட்சுமணசாமியிடம் போனார்.

"ஏனுங்ண்ணா, உங்க பாஸ்வேர்டை நான் கண்டுபுடிக்கட்டுங்களா? மூணே தடவை."

"முடிஞ்சா பாருங்க அம்மணி." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பம்பின் பெயர் இல்லை. கார் நம்பரும் இல்லை. மேசைமேல் பேத்தி போட்டோ இருந்தது, அடியில் பெயரோடு. சைத்ரா என்று அடித்ததும் திறந்துகொண்டது. லட்சுமணசாமி எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

அந்த வாரத்தில் சாயிரா, முதலாளிகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே இன்னும் நான்கு கம்பெனிகளின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தார். நான்கையும் மாற்றவைத்தார். வீதியில் போகும்போது கால் தரையில் படவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை லட்சுமணசாமி போனில் வந்தார்.

"புதுசு வெச்சுப்போட்டேனுங்க அம்மணி. இனி ஒருத்தராலயும் கண்டுபுடிக்க முடியாது."

"ரொம்ப நல்லதுங்ண்ணா."

"என்னாலயும் முடியலீங்க. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

சாயிரா போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"இதோ வாரேனுங்க."