நின்ற இடத்தில் எரிந்த பெட்ரோல்

எங்கள் பழைய கறுப்புக் காரில் முள்ளைப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. தாராவி முனையிலிருந்த ஒர்க்‌ஷாப்புக்கு அப்பா ஞாயிறுதோறும் வண்டியைக் கொண்டுபோவார். மெக்கானிக் பானெட்டுக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு இன்ஜினை உறுமவிடுவார். நான் உள்ளே அமர்ந்து, ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

"நடுக்கோட்டுக்கு ஒரு நூல் மேலே" என்றேன் ஒருமுறை.

மெக்கானிக் சிரித்தார். "தங்கச்சி நூல் கணக்கு சொல்லுது. ஒங்கட்ட மைல் கணக்கு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறிய, சார்."

அப்பா குனிந்து டயரை அழுத்திப் பார்த்தார்.

அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய ஆண்டில்தான், சீமைக்குத் திரும்பிய அதிகாரி ஒருவரிடமிருந்து அப்பா அந்த வண்டியை வாங்கினார். மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக் கல்யாணங்களில் ஜானவாசத்துக்கு வாடகைக் கார்தான் வரும். தம் மாப்பிள்ளை சொந்த வண்டியில் ஊர்வலம் வரட்டும் என்று அப்பா விரும்பினார். அக்காவோ, தன் அலுவலகத்துக்குக் கீழே அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஆண்டாப் ஹில்லுக்குக் குடிபோனாள். வண்டியில் மாப்பிள்ளை ஏறவில்லை. வீட்டில் அக்காவின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

அப்பா வழக்கம்போல ரயிலில் அலுவலகம் போய்வந்தார். மாலையில் காபி குடித்ததும், செம்பூரில் பஜனை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பார். அதைக் கிளப்புவது எளிதல்ல. செல்ஃப் ஸ்டார்ட்டர் செத்துப்போயிருந்ததால், முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகி, குனிந்து சுழற்ற வேண்டும். அந்தச் சத்தத்துக்கு மூன்று மாடிகளிலும் ஜன்னல்கள் திறக்கும்.

முதலில் ரேடியேட்டர் ஒழுகியது. கழற்றிப் பற்றுவைக்க வேண்டும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார் மெக்கானிக்.

"ஒரு நாள்கூட விட முடியாது" என்றார் அப்பா.

"பஜனைக்கு பஸ்ஸுல போனா சாமி கோவிச்சுக்கிடுமா சார்?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியானால் ஒரு பிடி மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள், ஓட்டையை அது கொஞ்ச நாள் அடைத்துக்கொள்ளும் என்று மெக்கானிக் வழி சொன்னார். ஒர்க்‌ஷாப்புகளில் அது வழக்கமான வைத்தியம்தான். அம்மா சமையலறை டப்பாவிலிருந்து அள்ளித் தந்தாள். ஒரு பிடி போதும் என்று சொன்னதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் மூன்று பிடி போட்டாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு மங்கலப் பொருள். கூடுதலாகப் போட்டால் கெடுதல் வரும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. ஒழுகல் நின்றது. ஆனால் முள் அடிக்கடி சிவப்புக் கோட்டைத் தொட ஆரம்பித்தது.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு பெட்ரோலும் பேய்த்தனமாகச் செலவானது. மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். டாங்க்கிலிருந்து வரும் குழாயைத் தடவிப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று சக்கரங்களைத் தூக்கிச் சுற்றினார். ஒன்றிலும் குறையில்லை. பிளக்குகளைக் கழற்றியபோது மட்டும் அவை கரிக்கட்டைபோல இருந்தன.

"ஓடுத வண்டிக்கு இப்பிடிக் கரி பிடிக்காது, சார். எங்கயாவது இன்ஜின ஆஃப் பண்ணாம நெடுநேரம் நிறுத்துதியளா?"

"இல்லை."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த 'இல்லை' மிக விரைவாக வந்தது. நான் அமர்ந்திருந்த இடத்திலிருந்து மைல் மீட்டரும் தெரிந்தது. போன ஞாயிறு பார்த்த எண் என் நினைவில் இருந்தது; கழித்துப் பார்த்தேன். அன்றாடம் செம்பூர் போய்வந்த வண்டிக்கு அந்தத் தூரம் எந்த வகையிலும் போதாது. மாட்டுங்காவிலிருந்து மிக அருகில் எங்கோ போய், நின்று, திரும்பும் வண்டியின் தூரம் அது. நிற்கும் வண்டிக்குக் காற்று கிடைக்காது, அதனால் கொதிக்கிறது. அணைத்தால் மீண்டும் கிளப்பத் தெருவில் இறங்கிக் கைப்பிடி சுழற்ற வேண்டும்; எல்லாரும் பார்ப்பார்கள். அதனால் அவர் அணைப்பதில்லை. இவ்வளவும் எனக்கு ஒரே மூச்சில் விளங்கியது. எந்தத் தெரு என்பதை மட்டும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் கல்லூரியிலிருந்து நேரே பஸ் பிடித்து ஆண்டாப் ஹில் போனேன். அக்கா குடியிருந்த கட்டடத்தை இரு பக்கமும் தெரிந்தவர் ஒருவர் எப்போதோ சொல்லியிருந்தார். அதற்கு எதிர்ப்புறம், வேப்பமரத்தடியில், தார்ச்சாலையின் ஓரம் மஞ்சளாக இருந்தது. பழைய கறைமேல் புதிய கறை என்று பல தடவை வழிந்து காய்ந்திருந்தது. குனிந்து விரலால் தொட்டேன். எங்கள் வீட்டு மஞ்சள்.

குழாயடியில் குடத்தோடு நின்ற ஓர் அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரம்மா வேணும்?" என்றாள். அக்காவின் பெயரைச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளையா? மழை விட்டதுமே அம்பர்நாத் போயாச்சே. வீட்டுக்காரருக்கு அங்க கம்பெனியில வேலை. என்ன கம்பெனின்னு தெரியல. நீ யாரு?"

"தங்கை."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "அப்ப கார்க்காரரு?"

"எங்கள் அப்பா."

"அட ஆண்டவனே. தெனமும் வருவாரு. எறங்க மாட்டாரு. ஒரு நா வண்டி பொங்கி மஞ்சத் தண்ணியா ஓடிச்சு. நாந்தான் ஒரு கொடம் தண்ணி குடுத்தேன். எங்க வீட்டுக்காரரு, யாரு வீட்டுக் கல்யாணத்துக்கு அய்யரு மஞ்சத் தண்ணி தெளிக்காருன்னு சிரிச்சாரு." சொல்லிவிட்டு அவளே வருந்தினாள். பிறகு மாடியைக் காட்டினாள். "ஒங்க அக்கா சரியா அந்த நேரத்துக்குப் பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு அந்த பால்கனியில வந்து நிக்கும். கீழ எறங்கிப் போயேன்டின்னு எத்தனையோ தடவ சொன்னேன். 'போனா நாளைக்கு வரமாட்டார், அக்கா'ன்னுட்டு அழும்."

"போகும்போது அப்பாவிடம் சொல்லவில்லையா?"

"அன்னைக்கு லாரி காலையிலயே வந்துட்டு. சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வைக்க முடியுமா?"

அதே பால்கனியில் வேறு யாரோ ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடியில் சிறு குழந்தையின் சட்டைகளும் இருந்தன.

மெக்கானிக்குக் கிடைக்காத விடை அதுதான். அக்கா இருந்தவரை அப்பா அவளைப் பார்த்ததும் திரும்பியிருப்பார். அவள் வெளியே வராமல் போன பிறகு, வருவாள் வருவாள் என்று காத்திருந்தார். மழைக்காலத்துக்குப் பிறகு பெட்ரோல் கூடுதலாக எரிந்தது அந்தக் காத்திருப்பில்.

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. மாலையில் அப்பா கைப்பிடியைச் செருகக் குனிந்தபோது, அருகில் போய், "அக்கா இப்போ அங்க இல்லைப்பா. அம்பர்நாத் போயிட்டா" என்றேன்.

அவர் குனிந்தபடியே இருந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

"கொடியில குழந்தைச் சட்டை காயறதே."

"வேற குடித்தனம்."

"கோவிச்சுண்டு உள்ளேயே இருக்கான்னு நெனச்சேன்." நிமிர்ந்து கைகளைத் துடைத்துக்கொண்டார். "சட்டை பெரிசாயிண்டே வந்தது. குழந்தை வளர்றதுன்னு நெனச்சேன்."

"நாம அம்பர்நாத் போலாம்ப்பா."

"அம்பர்நாத்ல எங்க?"

குழாயடி அம்மாளுக்கும் அந்த விலாசம் தெரிந்திருக்கவில்லை.

"அதோட, அவ்வளவு தூரம் இந்த வண்டி தாங்காது" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியை டிக்கியில் வைத்து மூடினார்.

அதற்கப்புறம் அவர் மாலைகளில் எங்கும் போகவில்லை. வண்டியை ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் முழுவதும் விட அவராகவே சம்மதித்தார். மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்களில் கட்டிதட்டிப்போன மஞ்சளைக் குத்தி எடுத்து, ஓட்டையை ஈயத்தால் அடைத்தார். பிறகு எங்களை ஏற்றிக்கொண்டு சயான் வரை ஓட்டிக் காட்டினார். நான் முள்ளைப் பார்த்தேன்.

"எங்க நிக்கி தங்கச்சி?"

"நடுவிலே."

"நூல் பிசகாம?"

"பிசகவில்லை."

மெக்கானிக்குக் கர்வம் தாங்கவில்லை. "பாத்தியளா சார்! இனிமே வண்டி எக்தம் டண்டா, சூடே ஏறாது. பெட்ரோலும் அளவாத்தான் குடிக்கும். அம்பர்நாத் என்ன, புனா வரைக்கும் கொண்டுபோங்க, ஒரு எடத்துலயும் நிக்காது."

அம்பர்நாத் என்ற பெயரை அவர் தற்செயலாகத்தான் சொன்னார். பின்னிருக்கையில் அப்பா ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். ஆண்டாப் ஹில்லுக்குப் பிரியும் சாலை எதிரே வந்தது. மெக்கானிக் அதைக் கடந்து நேரே ஓட்டினார். அப்பாவின் கை முன்னிருக்கையின் முதுகைப் பற்றியது. நிறுத்தச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சற்றுநேரம் அப்படியே பற்றிக்கொண்டிருந்துவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முள் அசையவில்லை.